வேண்டாம் என்று சொல்ல இருபத்தோரு நிமிடம்

ஐந்து ஐம்பதுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கடிகாரம் பார்த்து எட்டு நிமிடம் ஒரு முட்டையை வேகவைத்தான். நின்றபடியே தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். சார்ஜரிலிருந்து இரண்டு செல்போன்களையும் எடுத்தான். கறுப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சிவப்பு உறை போட்டதை, அது இனி அடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும், துடைத்து அலமாரியில் வைத்தான். பதினொரு மாதமாக இதே வரிசைதான். கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

துப்பறிவாளன் என்றதும் தொப்பியையும் துப்பாக்கியையும் தேடுகிறவர்கள் இவனைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். வயது முப்பத்திரண்டு, கையில் ஒரு ரெக்சின் பை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் சந்தேகப்படும் விபத்துகளை விசாரித்து அறிக்கை கொடுப்பது தொழில். மனைவி இறந்த பிறகு இவன் அறிக்கையில் ஒரு பிழைகூட இல்லை என்று கம்பெனிகள் மெச்சிக்கொண்டன. பிழை செய்ய நேரமில்லாமல் வேலை பார்க்கிறவன் வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவன் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

தெருமுனையில் புரோக்கர் காத்திருந்தார். முப்பது வருடம் வண்டிப் பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து ஊரார் படிவங்களை நிரப்பியவர். கம்ப்யூட்டர் வந்து அந்தப் பிழைப்பில் மண் விழுந்ததும் இவனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வயது ஐம்பத்தெட்டு. வாய்க்கு வயதே ஆகவில்லை.

"சாப்ட்டியா தம்பி?"

"ஆச்சுண்ணே."

"என்னது?"

"முட்டை."

"நேத்தும் முட்டை, முந்தாநாளும் முட்டை. அந்தக் கோழிக்கே உன்னப் பாத்து மனசு கேக்காம ஒரு நாள் தோசையா போடப்போகுது."

அவன் சிரிக்கவில்லை. புரோக்கரும் அதை எதிர்பார்க்கவில்லை. இருவரும் பஸ் ஏறினார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி மேனேஜரின் அறையில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. மேனேஜர் கோப்பைத் திறக்காமலே அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல பத்தரைக்கு விபத்துத் தீர்ப்பாயத்துல விசாரணை. அங்க ஒரே கேள்விதான். இடிச்ச நேரத்துல அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சா இல்லையா?"

விவகாரம் சின்னது. ஓய்வுபெற்ற நூலகர் ஒருத்தி. தனியாள். அவளுடைய பழைய காரின் இன்சூரன்ஸ் மூன்று மாதத்துக்கு முன் பதினான்காம் தேதி நள்ளிரவோடு முடிந்தது. மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நெஞ்சை அடைத்தது. கார் நடைபாதையில் ஏறி ஒரு தையல் கடைக்குள் புகுந்தது. நூலகர் ஸ்டீயரிங்கிலேயே இறந்துபோனாள். கடையிலிருந்த டெய்லரம்மாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"முத நாள் சாயங்காலமே நாங்க போன் பண்ணி ஞாபகப்படுத்தியிருக்கோம். அவங்க என்ன சொன்னாங்கன்னு நீங்களே கேளுங்க" என்று மேனேஜர் ஒரு பொத்தானை அமுக்கினார்.

வயதான பெண்ணின் குரல். தெளிவாக, அவசரமில்லாமல். "வேண்டாம்மா. எனக்கு எதுக்கு அதெல்லாம்? வேண்டாம்."

பதிவு நின்றது.

"அவ்வளவுதான். அந்தம்மா எங்ககிட்ட கடைசியா சொன்னது இதுதான். பேசின நேரம் மூணு நிமிஷம். முடிவு, 'வாடிக்கையாளர் மறுத்தார்'. கார் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குது. சும்மா ஒரு பார்வை பாத்துட்டு, சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடுங்க."

"இன்சூரன்ஸ் இல்லன்னா அந்த டெய்லரம்மாவுக்கு யாரு சார் குடுப்பா?" என்றார் புரோக்கர்.

"செத்துப்போனவங்க சொத்துலேருந்து வாங்கிக்கலாம். சட்டத்துல இடமிருக்கு."

"சொத்து என்ன இருக்கு?"

"வாடகை வீடு. நாலு அலமாரி புத்தகம்."

"நல்லதாப் போச்சு. கால் இல்லன்னா என்ன, உக்காந்து படிக்கட்டும்."

மேனேஜர் தலையை நிமிர்த்துவதற்குள் துப்பறிவாளன் புரோக்கரின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டான்.

படிக்கட்டில் இறங்கும்போது அவன் காதில் இன்னும் அந்த 'கடைசியா சொன்னது' ஓடிக்கொண்டிருந்தது. அவனிடமும் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னப்பா சொன்னா என் பொண்ணு?" என்று கேட்டாள். "உங்களைத்தான் கேட்டா அத்தே" என்று சொல்லிவிட்டான். உண்மையில் அவள் சொன்னது, "அந்த ஜன்னல சாத்து, வெயில் மூஞ்சில அடிக்குது." அவன் போய்ச் சாத்திவிட்டுத் திரும்பினான். அவ்வளவுதான். அன்றிலிருந்து, ஒருவர் கடைசியாகச் சொன்னது என்று இன்னொருவர் எடுத்துக் கொடுப்பதை அவன் நம்புவதில்லை.

"அந்த டேப்புல கேள்வி இல்லண்ணே. பதில் மட்டும்தான் இருக்கு."

"நானும் கவனிச்சேன். கேள்விய வெட்டிட்டுப் பதில மட்டும் போட்டா, என் கல்யாணத்துல நான் சொன்ன 'சரி'கூட ஜாமீன் குடுத்த மாதிரி இருக்கும்."

தையல் கடை வழியில்தான் இருந்தது. உடைந்த முன்பக்கத்துக்குத் தகரம் அடித்திருந்தார்கள். டெய்லரம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. மடியில் பாதி தைத்த பள்ளிச் சீருடை.

"எல்லாரும் வந்து கால்தான் பாக்கறாங்க. நீங்களும் பாத்துக்குங்க" என்றாள்.

அவன் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தான். மிதிக்கிற மெஷின்.

"இடது காலால மிதிச்சுப் பாக்கறேன் சார். தையல் பாம்பு மாதிரி ஓடுது. ஆர்டர் குடுத்தவங்க ஒண்ணும் சொல்லாம வாங்கிட்டுப் போறாங்க. அப்பறம் வர்றதில்ல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "செயற்கைக் கால் வெச்சு, மோட்டார் மெஷின் போட்டா மறுபடியும் ஓட்டிடுவேன். நாளைக்கு இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா கடைய மூட வேண்டியதுதான். எம்பொண்ணு ஒம்பதாவது படிக்குது."

"அந்தம்மா இடிச்சப்பறம் ஏதாவது பேசினாங்களா?"

"இல்ல சார். நான் கீழ கெடந்து பாத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ண மூடிட்டு இருந்தாங்க. பாவம், அவங்களத் தேடிக்கிட்டுக்கூட யாரும் வரல. ஆம்புலன்ஸ்காரர் எங்கிட்ட வந்து 'இவங்க உங்க சொந்தமா'ன்னு கேக்கறார்."

வெளியே வந்ததும் புரோக்கர் கொஞ்ச தூரம் எதுவும் பேசாமல் நடந்தார். அவருக்கு அது பெரிய தூரம்.

"சட்டம் ரொம்ப வேடிக்கையானது தம்பி" என்றார் பிறகு. "ரோட்டுல எறங்கற எந்த வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம்னு சொல்லுது. எதுக்குக் கட்டாயம்? எதிராளிக்கு ஏதாவது ஆச்சுன்னா குடுக்கறதுக்கு. அது மட்டும்தான் கட்டாயம். நம்ம வண்டி நசுங்கினா, நம்ம மண்டை உடைஞ்சா, அதுக்குப் போடறதும் போடாததும் நம்ம இஷ்டம். முப்பது வருஷமா இத நான் சொல்லாத ஆளில்ல. ஒருத்தனும் நம்பல. 'என் காசுல என் காருக்கு இல்லாம எவனுக்கோவா'ன்னு சண்டைக்கு வருவான்."

துப்பறிவாளன் நின்றான். ஏதோ ஒன்று தட்டியது. என்னவென்று தெரியவில்லை. மறுபடி நடந்தான்.

ஸ்டேஷன் மைதானத்தில் அந்தக் கார் செடி முளைத்த டயரோடு நின்றது. சாம்பல் நிறம். முன்பக்கம் வாயில் குத்து வாங்கினவன் மாதிரி உள்ளே போயிருந்தது. காவலர் சாவியைக் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போனார்.

உள்ளே எல்லாம் ஒழுங்கு. டாஷ்போர்டு பெட்டியில் ஒரு துணிப் பை. பைக்குள் ஆர்சி புத்தகம், பழைய இன்சூரன்ஸ் தாள்கள், அவற்றின் உறைமேல் ஒட்டியிருந்த ஒரு சீட்டு. நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுவார்களே, அதே சீட்டு. மேலே 'திருப்பித் தர வேண்டிய நாள்' என்று அச்சடித்திருந்தது. கீழே ரப்பர் ஸ்டாம்பில், ஊதா மையில், வருடத்துக்கு ஒன்றாகத் தேதிகள்.

"அடேயப்பா! அந்தம்மா காரையே இரவல் வாங்கின புத்தகமா நெனச்சு ஓட்டியிருக்கு" என்றார் புரோக்கர்.

"இன்சூரன்ஸ் முடியற தேதிங்கண்ணே. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிச்ச உடனே அடுத்த வருஷத் தேதிய ஸ்டாம்ப் அடிச்சிருக்காங்க."

புரோக்கர் உறைக்குள் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். "பத்துத் தாள். பத்துத் தேதியும் சரியா இருக்கு."

"ஸ்டாம்ப் எத்தனை?"

புரோக்கர் விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார். "பதினொண்ணு."

கடைசி ஸ்டாம்ப் அடுத்த வருடத்துத் தேதி. மை மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருந்தது. புத்தகம் கைமாறாமல் எந்த நூலகரும் தேதி அடிப்பதில்லை. மறுத்தவள் ஏன் அடிக்க வேண்டும்?

அவன் சீட்டை வெளிச்சத்தில் சாய்த்தான். கடைசித் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலில் நுணுக்கி எழுதியிருந்தது: '4.10 முதல் 4.31. இருக்கை 42.'

"மேனேஜர் மூணு நிமிஷம்னாரே!"

"இவங்க இருபத்தோரு நிமிஷம்னு எழுதியிருக்காங்க."

"வேண்டாம்னு சொல்றதுக்கு இருபத்தோரு நிமிஷமா? என் சம்சாரம் அர நொடியில சொல்லிடுவா. சில நாள் நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே."

துப்பறிவாளன் செல்போனில் தேதியைப் பார்த்தான். கம்பெனிகள் பேச்சுப் பதிவைத் தொண்ணூறு நாள்தான் வைத்திருக்கும். அன்று தொண்ணூறாவது நாள்.

"ஓடுங்கண்ணே" என்றான். அந்த மாதத்தில் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

கம்பெனிக்காக வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்யும் பேச்சு மையத்தின் நான்காவது மாடிக்கு அவர்கள் ஏறியபோது மணி ஐந்தே கால். பதிவுகள் ஆறு மணிக்குத் தானாக அழிந்துவிடும் என்றார் மேற்பார்வையாளர், ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி. கம்பெனிக் கடிதத்தைக் காட்டியதும் உள்ளே விட்டார்.

நீண்ட கூடம். வரிசை வரிசையாகத் தடுப்புகள், காதில் ஹெட்போன் மாட்டிய தலைகள். நூறு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பக்கத்தில் இருப்பவரோடு பேசவில்லை. சுவரில் பெரிய பலகை. ஒவ்வோர் இருக்கை எண்ணுக்கு நேராகவும் ஒரு பச்சைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பத்திரண்டில் ஒல்லியாக ஒரு பெண். ஹெட்போன் அழுத்தி அழுத்தித் தலைமுடியில் வகிடு மாதிரி ஒரு பள்ளம்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி பேசினது எனக்கு எப்படி சார் ஞாபகம் இருக்கும்? ஒரு நாளைக்கு எம்பது பேரு."

"லைப்ரரில வேலை பாத்தவங்கம்மா. பழைய கார். உன் நம்பரக்கூட எழுதி வெச்சிருக்காங்க" என்றார் புரோக்கர்.

அவள் கண் ஒரு நொடி மேற்பார்வையாளரிடம் போய்த் திரும்பியது. "ஞாபகம் இல்ல சார். வேண்டாம்னு சொன்னாங்கன்னா 'வேண்டாம்' அமுக்கியிருப்பேன்."

துப்பறிவாளன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு நிமிடத்தைத் தாண்டிய எண்கள் சிவப்பாக மாறின. சிவப்பு வந்த இடத்துக்கு மேற்பார்வையாளர் நடந்துபோனார். இப்போது பதினேழாம் எண். ஐந்து நிமிடம் ஐம்பது நொடியில் கடிகாரம் நின்றுவிட்டது. அவன் திரும்பிப் பதினேழாம் இருக்கையைப் பார்த்தான். அங்கிருந்த பெண்ணின் உதடுகள் நிற்கவில்லை. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

அவன் குனிந்து, நாற்பத்திரண்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: "'வேண்டாம்' அமுக்கினா கடிகாரம் நின்னுடும். லைன் கட்டாகாது. அப்படித்தானே?"

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் செய்யறதுதான் சார். மாசத்துல அஞ்சு சிவப்பு வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சில பேரு பேச ஆள் இல்லாம பேசுவாங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிப் போன வெக்கறது? 'வேண்டாம்' அமுக்கிட்டுக் கேட்டுட்டு இருப்போம். பதிவு லைன் கட்டாகற வரைக்கும் ஓடும். ஆனா மேல இருக்கறவங்க அந்த அமுக்கின எடம் வரைக்கும்தான் கேப்பாங்க. அதுக்கப்பறம் வியாபாரம் இல்லையே."

"அவங்க எதுக்கு வேண்டாம்னு சொன்னாங்க?"

"முழு இன்சூரன்ஸுக்கு. ஸ்கிரீன்ல மொதக் கேள்வியே அதுதான். எதிராளிக்கு மட்டும் போடணும்னா 'வேண்டாம்' அமுக்கிட்டு, தனியா புது ஃபைல் தொறக்கணும்."

தையல் கடைக்கு வெளியே தன்னைத் தட்டியது எது என்று துப்பறிவாளனுக்கு இப்போது தெரிந்தது. சட்டம் கட்டாயமாகக் கேட்பது ஒன்று. கம்பெனி முதலில் விற்கப் பார்ப்பது வேறொன்று.

"தொறந்தியாம்மா?" என்றார் புரோக்கர். அவர் குரலில் கிண்டல் இல்லை.

"பணம் கட்டினாங்க. போன்லயே கார்டு நம்பர் அமுக்கினாங்க, ரசீது நம்பரும் வந்துச்சு. அன்னிக்கு எனக்குக் காலை ஷிப்ட், நாலரைக்கு மணி அடிச்சுட்டாங்க. காலைல வந்து ஃபைல் தொறக்கலாம்னு இருந்தேன். காலைல ஜுரம், மூணு நாள் லீவு. அப்பறம் மறந்தே போச்சு." மேற்பார்வையாளர் இருந்த பக்கம் பார்த்தாள். "ஃபைல் இல்லன்னா ஒரு வாரத்துல ரசீது அழிஞ்சு, பணம் தானா திரும்பிப் போயிடும். போன மாசம் ஞாபகம் வந்து, மன்னிப்புக் கேக்கலாம்னு கூப்ட்டேன். மணி அடிச்சுட்டே இருந்துச்சு. ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"உங்ககிட்ட பேசின மறுநாள் காலைலயே இறந்துட்டாங்க" என்றான் அவன். "கார் ஓட்டும்போது. ஒரு டெய்லரம்மாவுக்குக் கால் போச்சு."

அவள் ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பணம் கம்பெனி கைக்கு வந்துட்டா அந்த நிமிஷத்துலேருந்து பொறுப்பு கம்பெனியோடது. தாள் அடிக்கறது அவங்க வேலை, நம்ம வேலையில்ல. இத நான் படிவத்துலயே ஆயிரம் தடவ படிச்சிருக்கேன்" என்றார் புரோக்கர். "ஆனா அத நிரூபிக்க ரசீது நம்பர் வேணும். அது அந்தப் பதிவுல மட்டும்தான் இருக்கு. மணி அஞ்சு நாப்பது."

"மூணு மாசத்துக்கு முந்தின பதிவ நான் என் அடையாள நம்பர் போட்டுத்தான் எடுக்க முடியும். எடுத்தா, நான் எடுத்தேன்னு தெரிஞ்சுடும். கடிகாரத்த நிறுத்தினதும் தெரிஞ்சுடும்."

"தெரியும்" என்றான் துப்பறிவாளன். வேறு எதுவும் சொல்லி அவளை வற்புறுத்தவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். புரோக்கர் வாயைத் திறந்தார். அவன் தலையசைத்ததும் மூடிக்கொண்டார்.

பலகையில் எண்கள் ஓடின. மணி ஐந்து நாற்பத்து நான்கு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறு எண்களைத் தட்டினாள்.

ஹெட்போனின் ஒரு காதை அவன் வாங்கிக்கொண்டான். அதே குரல். மூன்றாவது நிமிடத்தில், "வேண்டாம்மா. எனக்கு எதுக்கு அதெல்லாம்? வேண்டாம்." அதன் பிறகு 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கடிகாரம் நின்ற சத்தம். அதற்குப் பிறகு பதினெட்டு நிமிடம்; நேரமில்லாததால் அவள் அதைத் தள்ளித் தள்ளி ஓட்டினாள். மாடிக்கு வரும் பூனை. தபால்காரர் மாறிவிட்டது. யாரும் திருப்பித் தராமல் போன ஒரு புத்தகம். நடுவில் நாற்பத்திரண்டு சிரித்தது. பதினாறாவது நிமிடத்தில் கார்டு எண்கள், ஒவ்வொன்றாக. பத்தொன்பதாவது நிமிடத்தில் ரசீது எண். அவன் அதை எழுதிக்கொண்டான்.

ஐந்து ஐம்பத்தாறுக்குப் பதிவு அவன் பையிலிருந்த பென்டிரைவில் ஏறி முடிந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்து செல்போனில் அறிக்கையை எழுதினான். நான்கு வரி. ரசீது எண், நேரம், பதிவின் நீளம். கடைசி வரி: 'விபத்து நேரத்தில் எதிராளிக்கான காப்பீடு அமலில் இருந்தது.' மேனேஜருக்கு ஒரு பிரதி, தீர்ப்பாயத்துக்கு ஒரு பிரதி அனுப்பினான்.

"இனி அந்த மேனேஜர் நமக்கு வேலையும் தரமாட்டார், டீயும் தரமாட்டார்" என்றார் புரோக்கர். "டீ போனா போவுது, நல்லாவும் இருக்காது." பிறகு நாற்பத்திரண்டின் பக்கம் திரும்பினார். "வேலை போச்சுன்னா எங்கிட்ட வாம்மா. சம்பளம் சுமார்தான். கடிகாரம் கெடையாது."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

புரோக்கர் லிப்ட் பக்கம் போனார். அவன் எழுந்திருக்கவில்லை. அலமாரியில் சிவப்பு உறைக்குள் இருக்கும் மனைவியின் போன் நினைவுக்கு வந்தது. அதில் அவள் குரலின் எந்தப் பதிவும் கிடையாது. அவன் தேடிப் பார்த்திருக்கிறான்.

"கடைசி நிமிஷத்த மட்டும் இன்னொரு தடவ போடுவீங்களா?" என்று கேட்டான்.

ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. அவள் போட்டாள்.

"ஒரு தடவை உறுதிப்படுத்திக்கறேம்மா" என்றது பதிவில் நாற்பத்திரண்டின் குரல். "இதுல உங்க வண்டிக்குச் சேதம்னா ஒண்ணும் கெடைக்காது. உங்களுக்கு அடிபட்டாலும் கெடைக்காது. எதிர்ல வர்றவங்களுக்கு மட்டும்தான். சரிங்களாம்மா?"

எங்கோ ஒரு மின்விசிறி சுற்றும் ஓசை. பிறகு நூலகர் பேசினாள்.

"சரிம்மா. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா தேடறதுக்கு ஆளில்ல. அவங்க வீட்ல யாராவது காத்துட்டிருப்பாங்க. அவங்களுக்குப் போட்டுடு."